வாக்கம் ஒன் வரைதிரை: ஒரு மதிப்பீடு

வாக்கம் ஒன் என்பது ஜப்பானைச் சேர்ந்த வாக்கம் நிறுவனம் 2020 ஜனவரியில் அறிமுகப்படுத்திய 13.3 அங்குல வரைதிரை ஆகும். திரையின் மீதே பேனாவை வைத்து வரையக்கூடிய கணினித் துணைக்கருவி வரைதிரை எனப்படுகிறது. அமெரிக்காவில் 399.95 டாலர் விலையில் வெளிவந்த இது, ஓவியர்களுக்காக அந்நிறுவனம் அதுவரை விற்ற வரைதிரைகளைவிடக் குறைந்த விலையுடையது. மாணவர்கள், தொடக்கநிலை ஓவியர்கள், படக்கதை வரைவோர், இணையவழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது உருவாக்கப்பட்டது. 2023இல் இதே பெயரில் புதிய வரிசை வெளிவந்தது. இக்கட்டுரை 2020இல் வந்த முதல் கருவியை மதிப்பிடுகிறது.

குறைந்த விலைக் கருவி எதுவும் சிலவற்றை விட்டுக்கொடுத்தே அந்த விலைக்கு வருகிறது. எனவே எவை விடப்பட்டன, எவை காக்கப்பட்டன என்பதே மதிப்பீட்டின் முதன்மையான கேள்வி. வரைதிரையில் இக்கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. முதன்முதலாக வரைதிரை வாங்குபவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி இருப்பதில்லை. கோடு நடுங்கினாலும், விலகினாலும், தொடக்கத்தில் விட்டுப்போனாலும், அது கருவியின் குறையா தன் கையின் குறையா என்று அவரால் பிரித்தறிய முடியாது. பெரும்பாலும் தன் கையையே குறை சொல்லிக்கொள்வார்.

பின்னணி

வாக்கம் நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. அதன் பேனாக்கள் மின்காந்த ஒத்ததிர்வு என்னும் முறையில் இயங்குகின்றன. திரைக்கு அடியில் உள்ள உணர்பலகை மெல்லிய மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் உள்ள கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று அந்தப் புலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று, அதே அதிர்வெண்ணில் மறுமொழி தரும். அந்த மறுமொழியைக் கொண்டு பேனா இருக்கும் இடமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. பேனாவுக்கு மின்கலமோ மின்னேற்றமோ தேவையில்லை என்பதே இம்முறையின் பெரிய நன்மை.

சின்டிக் என்ற பெயரில் 2001 முதல் வந்த வாக்கம் வரைதிரைகள் திரைப்படக் கூடங்களிலும் அசைவூட்ட நிறுவனங்களிலும் பரவின. ஆயினும் விலை காரணமாகத் தனி ஓவியர்களுக்கு அவை நெடுங்காலம் எட்டாதவையாகவே இருந்தன. சீனாவின் ஹுயோன், எக்ஸ்பி-பென் ஆகிய நிறுவனங்கள் அந்த இடைவெளியில் நுழைந்தன. அவற்றின் தொடக்ககால வரைதிரைகளின் பேனாக்களுக்கு மின்னேற்றம் தேவைப்பட்டது. பின்னர் அவையும் மின்கலமற்ற பேனாக்களைத் தரத் தொடங்கியபோது, வாக்கத்தின் முதன்மையான தனிச்சிறப்பு பொதுவுடைமை ஆகிவிட்டது. இந்தப் போட்டிக்கு மறுமொழியாக வாக்கம் 2019 ஜனவரியில் 649.95 டாலருக்குச் சின்டிக் 16 கருவியையும், அடுத்த ஆண்டு வாக்கம் ஒன் கருவியையும் வெளியிட்டது.

அமைப்பு

கருவியின் எடை சுமார் 1 கிலோ. வரையும் பரப்பு ஏறத்தாழ 294 × 166 மில்லிமீட்டர். இது ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் அதன் அகலத்துக்குச் சமம். உயரத்தில் தாளைவிடக் குறைவு. திரைத் துல்லியம் 1920 × 1080 பிக்சல். பின்புறம் உள்ள இரண்டு மடக்குக் கால்களை விரித்தால் கருவி 19 பாகைச் சாய்வில் நிற்கும். பேனாவைச் செருகி வைக்க ஓரத்தில் துணி வளையம் ஒன்று உண்டு. மாற்று முனைகளும் முனையைப் பிடுங்கும் வளையமும் காலுக்கு அடியில் வைக்கப்பட்டுள்ளன.

திரையின் ஓரத்தில் குறுக்குவழிப் பொத்தான்கள் எவையும் இல்லை. விரல் தொடுகையைத் திரை உணராது. இவ்விரண்டும் விலை குறைப்புக்காக விடப்பட்டவை. நடைமுறையில் இதன் விளைவு சிறியதன்று. வலக்கையால் வரைபவர் செயல்தவிர்த்தல், தூரிகை மாற்றுதல், படத்தைப் பெரிதாக்குதல் ஆகியவற்றை இடக்கையால் செய்வது வழக்கம். இங்கே அவர் விசைப்பலகையை நம்பியாக வேண்டும். மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இது மேலும் சிக்கல். வரைதிரையை முன்னால் வைத்தால் மடிக்கணினியின் விசைப்பலகை அதன் பின்னால் போய்விடும். கையை எட்டி நீட்ட வேண்டியிருக்கும். தனியாக ஒரு சிறு விசைப்பலகை வாங்கி இடப்பக்கம் வைப்பதே எளிய தீர்வு. வாங்குபவர் அந்தச் செலவையும் விலையுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சாய்வு 19 பாகை மட்டுமே என்பது இன்னொரு குறை. வேறு கோணம் வேண்டுமானால் அடியில் புத்தகங்களை அடுக்குவதோ தனித் தாங்கி வாங்குவதோதான் வழி. ஓரிரு மணி நேரம் வரைபவருக்கு இது பொருட்டாகாது. நாள் முழுதும் குனிந்து வரைபவரின் கழுத்தும் முதுகும் இதை உணரும்.

திரை

திரையின் மேற்பரப்பு ஒளிப்பிரதிபலிப்பைக் குறைக்கும் சொரசொரப்பான படலம் கொண்டது. பேனா வழுக்கிச் செல்லாமல், தாளில் பென்சில் ஓடுவதுபோலச் சிறிது பிடிப்புடன் நகர்கிறது. காகிதத்திலிருந்து கணினிக்கு மாறுபவருக்கு இந்த உணர்வு பெரிய உதவி. வழவழப்பான கண்ணாடியில் வரையும்போது கை கட்டுப்பாடின்றி ஓடுவதையும் அதனால் கோடு நீண்டுவிடுவதையும் இது தடுக்கிறது. எதிர்விளைவாக, படலத்தின் நுண்மணிகள் வெண்மையான பகுதிகளில் இலேசான மினுக்கத்தைத் தருகின்றன. முனைகளும் சற்று விரைவில் தேய்கின்றன.

மேல் கண்ணாடிக்கும் படம் தோன்றும் அடுக்குக்கும் இடையே இக்கருவியில் சிறு இடைவெளி உண்டு. இதனால் பேனா முனை தொடும் இடமும் கோடு தோன்றும் இடமும் பார்வைக் கோணத்தைப் பொறுத்து விலகித் தெரியும். இதுவே இடமாறு தோற்றப் பிழை. இதன் அளவை எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். முனைக்கும் படத்துக்கும் இடையே 1 மில்லிமீட்டர் தூரம் இருப்பதாக எடுத்துக்கொண்டால், 30 பாகைச் சாய்வில் பார்ப்பவருக்கு, கண்ணாடியின் ஒளிவிலகலைக் கணக்கில் கொள்ளாதபோது, ஏறத்தாழ 0.58 மில்லிமீட்டர் விலகல் தெரியும். இத்திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.153 மில்லிமீட்டர். ஆக, விலகல் கிட்டத்தட்ட 4 பிக்சல். இயக்கி மென்பொருளில் உள்ள அளவுத்திருத்தம் இதைச் சரிசெய்யும். ஆனால் தலை இருந்த இடம் மாறினால் திருத்தமும் மாறிவிடும். எனவே வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து அளவுத்திருத்தம் செய்வது அவசியம். இதைச் செய்யாமலேயே கருவி சரியில்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு. தன் கை சரியில்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு.

நிறத்தில் இத்திரை நடுத்தரமானது. நிறுவனம் தரும் அளவு என்டிஎஸ்சி நிறப்பரப்பில் 72 விழுக்காடு. பரப்பளவில் இது இணையத்தில் வழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு ஏறத்தாழச் சமம். பரப்பளவு சமம் என்பதால் எல்லா நிறங்களும் அப்படியே அடங்கிவிடும் என்று பொருளில்லை. இணையத்தில் வெளியிடும் படங்களுக்கு இது போதும். அச்சுக்கு வண்ணப்படங்கள் தயாரிப்பவருக்கு அடோபி ஆர்ஜிபி நிறவெளியைப் பெருமளவு காட்டும் திரை வேண்டும். அவர் இக்கருவியில் கோடு வரைந்து, நிறத்தை வேறு திரையில் சரிபார்ப்பதே நன்று. வெளிச்சமும் சுமாரானதே. சன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவருக்குத் திரை மங்கலாகத் தெரியும்.

பேனா

வாக்கம் ஒன் பேனா 4096 அழுத்த நிலைகளையும் 60 பாகை வரையான சாய்வையும் உணரும். பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. பின்முனையில் அழிப்பான் இல்லை. இதே நிறுவனத்தின் விலையுயர்ந்த புரோ பென் 2 பேனா 8192 அழுத்த நிலைகள் கொண்டது. அது இக்கருவியில் வேலை செய்யாது.

விலை குறைந்த போட்டிக் கருவிகளும் 8192 நிலைகளைத் தருவதால், 4096 என்பது பலரால் குறையாகச் சுட்டப்படுகிறது. இந்த ஒப்பீடு பெரும்பாலும் பொருளற்றது. 40 பிக்சல் வரை தடிக்கும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியும் தடிமன் மாற்றங்கள் சில பத்துகளைத் தாண்டாது. ஒளிபுகாமையை அழுத்தத்தால் மாற்றினாலும், 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள படிகள் 256 மட்டுமே. 4096 என்பது அதைப்போல 16 மடங்கு. அதை இரட்டிப்பாக்குவதால் கோட்டில் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை.

உண்மையில் கோட்டின் தரத்தைத் தீர்மானிப்பவை விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் இடம்பெறாத மூன்று கூறுகள். முதலாவது தொடக்க அழுத்தம்: எவ்வளவு மெல்லத் தொட்டால் பேனா கோடு போடத் தொடங்குகிறது என்பது. இது அதிகமாக இருந்தால், இமை மயிர், தலைமுடி, துணி மடிப்பு ஆகியவற்றின் மெல்லிய தொடக்கங்களும் முடிவுகளும் காணாமல் போகும். ஓவியர் தன்னையறியாமல் அழுத்தி வரையத் தொடங்குவார். நாளடைவில் மணிக்கட்டு வலிக்கும். இரண்டாவது நடுக்கம்: அளவுகோலை வைத்து மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் அது நேராக வருகிறதா, அலைபோல நெளிகிறதா என்பது. மூன்றாவது ஓர விலகல்: திரையின் நடுவில் சரியாக இருக்கும் சுட்டி, மூலைகளுக்கு அருகில் பேனாவை விட்டு விலகுகிறதா என்பது.

இம்மூன்றையும் கடையிலேயே ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். வாக்கம் ஒன் பேனா முதலிரண்டிலும் நன்றாகவே தேறுகிறது. மெல்லிய தொடுகை கோடாகிறது. மெதுவான சாய்கோட்டில் நெளிவு குறைவு. மூலைகளில் சிறு விலகல் உண்டு. மின்காந்த உணர்பலகை கொண்ட கருவிகள் பலவற்றுக்கும் பொதுவான குறை அது. விலையைக் குறைக்க நிறுவனம் பலவற்றை விட்டபோதும் கோட்டை விடவில்லை என்பதே இக்கருவியின் முதன்மையான சிறப்பு.

வேறு நிறுவனங்களின் பேனாக்களையும் இது ஏற்கும் என்பது குறிப்பிடத்தக்க இன்னொரு கூறு. ஸ்டேட்லர், லாமி, மிட்சுபிஷி பென்சில் ஆகிய எழுதுபொருள் நிறுவனங்கள் வெளியிட்ட, இதே தொழில்நுட்பத்தில் இயங்கும் பேனாக்களை இதில் பயன்படுத்தலாம். பழகிய பென்சிலின் பருமனும் மரப்பிடியும் விரும்புவோருக்கு இது உண்மையான வசதி. பேனா தொலைந்தால் மாற்று வழி இருப்பதும் நன்மையே.

வேகம்

திரையின் மறுமொழி நேரம் 26 மில்லிவினாடி என்று குறிக்கப்பட்டுள்ளது. திரையின் பிக்சல்கள் நிறம் மாற எடுக்கும் நேரமே இது. பேனாவிலிருந்து திரைவரையான மொத்தத் தாமதத்தில் கணினியின் வேகமும் ஓவிய மென்பொருளும் சேர்கின்றன. கை வினாடிக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் 26 மில்லிவினாடியில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கடந்துவிடும். ஆகவே வேகமாக வீசி வரையும்போது கோடு பேனாவைத் துரத்தி வருவதுபோலத் தோன்றும். நிதானமாக மைக்கோடு இடுபவர் இதைக் கவனிக்கமாட்டார். உருவ அசைவுகளைச் சில வினாடிகளில் பதிவுசெய்யும் விரைவுக்கோட்டுப் பயிற்சியில் இது தெரியும்.

இணைப்பும் இயக்கியும்

கருவியைக் கணினியுடன் இணைக்க ஒரு முனையில் ஒன்றாகவும் மறுபுறம் மூன்றாகவும் பிரியும் கம்பி தரப்படுகிறது. அதில் ஒன்று எச்டிஎம்ஐ, ஒன்று யுஎஸ்பி, மற்றொன்று மின்சாரம். கணினியில் எச்டிஎம்ஐ துளை இல்லாதவர் தனி மாற்றி வாங்க வேண்டும். ஒரே யுஎஸ்பி-சி கம்பியில் படமும் தரவும் மின்சாரமும் செல்லும் வசதி இதில் இல்லை. இதே காலத்துப் போட்டிக் கருவிகள் சிலவற்றில் அவ்வசதி இருந்ததால் இது நியாயப்படுத்த முடியாத குறை. 2023இல் வந்த புதிய வரிசையில் இது சரிசெய்யப்பட்டது.

விண்டோஸ், மேக் கணினிகளுடன் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இது இயங்கும். லினக்ஸ் கருநிரலில் வாக்கம் கருவிகளுக்கான இயக்கி நெடுங்காலமாகவே இடம்பெற்று வருவதால், கிரிதா, கிம்ப், இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கும் வாக்கம் கருவிகள் பொருத்தமானவை. மென்பொருளுக்குத் தனியாகப் பணம் செலவிட முடியாத மாணவருக்கு இது பெரிய ஆறுதல்.

இயக்கி தொடர்பாக ஒரு சர்ச்சையும் எழுந்தது. வாக்கம் இயக்கி, பயனர் திறக்கும் செயலிகளின் பெயர்களைக் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவைக்கு அனுப்புவதை 2020 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெளிப்படுத்தினார். திரட்டப்படும் தரவு தனிநபரை அடையாளம் காட்டாதது என்றும் விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம் என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது. பேனாவை இயக்கும் மென்பொருளுக்குப் பயனர் வேறு எந்தச் செயலியைத் திறக்கிறார் என்று வெளியே தெரிவிக்க வேண்டிய தேவை இல்லை. நிறுவும்போதே அந்தப் பகிர்வை நிறுத்திவைப்பது நல்லது.

பிற கருவிகளுடன் ஒப்பீடு

2020இல் வெளிவந்த ஹுயோன் காம்வாஸ் 13, இதே 13.3 அங்குல அளவும் இதே பிக்சல் எண்ணிக்கையும் கொண்டது. 8 குறுக்குவழிப் பொத்தான்கள், இடைவெளியின்றி ஒட்டப்பட்ட திரை, ஒற்றை யுஎஸ்பி-சி இணைப்பு ஆகியவற்றை வாக்கம் ஒன்னைவிடக் குறைந்த விலையில் அது தந்தது. விவரப்பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுத்தால் வாக்கம் ஒன் தோற்றுவிடும். பேனாவின் மெல்லிய தொடுகை, இயக்கியின் நிலைத்தன்மை, நீண்டகால ஆதரவு ஆகியவற்றுக்காகவே வாங்குபவர் கூடுதல் பணம் தருகிறார். இவை முக்கியமானவைதாம். ஆனால் போட்டி நிறுவனங்களின் பேனாக்களும் மேம்பட்டு வருவதால், இந்த வேறுபாட்டின் மதிப்பு ஆண்டுதோறும் சுருங்குகிறது.

ஆப்பிள் 2019இல் வெளியிட்ட 10.2 அங்குல ஐபேடின் தொடக்க விலை 329 டாலர். அதற்கான பென்சில் 99 டாலர். இரண்டும் சேர்ந்து 428 டாலர். வாக்கம் ஒன்னைவிட 30 டாலர் அளவே கூடுதல். ஐபேடுக்குக் கணினி தேவையில்லை. பேருந்திலும் பூங்காவிலும் வைத்து வரையலாம். வாக்கம் ஒன் கணினியின்றி வெறும் தட்டு. மறுபுறம், கணினியிலேயே இயங்கும் முழு மென்பொருள்களும் பெரிய பரப்பும் ஐபேடில் கிடைக்கா. ஏற்கெனவே நல்ல கணினி வைத்திருப்பவருக்கு வரைதிரையும், இல்லாதவருக்கு ஐபேடும் பொருந்தும்.

மூன்றாவது மாற்று பெரும்பாலும் மறக்கப்படுகிறது. திரையில்லாத வரைபலகைகள் 100 டாலருக்கும் குறைவான விலையில் கிடைக்கின்றன. வாக்கத்தின் இன்ட்யூஸ் வரைபலகையும் இதே 4096 அழுத்த நிலைகளையே உணர்கிறது. கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக வரையச் சில வாரப் பழக்கம் தேவை. பழகியபின் கழுத்தைக் குனியாமல் நேராக உட்கார்ந்து வரையலாம். இடமாறு தோற்றப் பிழையும் இல்லை. தொழில்முறை ஓவியர்கள் பலர் இன்றும் இதையே விரும்புகின்றனர். வரைதிரை இல்லாததால்தான் தன்னால் வரைய முடியவில்லை என்று நினைப்பவர் முதலில் இதை முயன்று பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

மதிப்பீடு

வாக்கம் ஒன் கருவியில் பொத்தான்கள் இல்லை, தொடுகை இல்லை, சாய்வுத் தேர்வு இல்லை, ஒட்டிய திரை இல்லை, எளிய இணைப்பு இல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாற்றுவழி உண்டு. சிறு விசைப்பலகை, தனித் தாங்கி, மாற்றி, அளவுத்திருத்தம் ஆகியவற்றால் சரிக்கட்டலாம். கோடு மோசமாக இருந்தால் அதைச் சரிக்கட்ட வழி கிடையாது. அந்த ஒன்றில் இக்கருவி விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே இதில் வரையும் தொடக்கநிலை ஓவியர், கோடு பிசகினால் அது தன் பயிற்சிக் குறை என்று பெரும்பாலும் நம்பலாம். பயிற்சியால் அதைத் திருத்தவும் செய்யலாம். கற்கும் கருவிக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி இதுவே.

படக்கதை, கோட்டோவியம், குறிப்பெழுதுதல், இணையவழிப் பாடம் ஆகியவற்றுக்கு இது நம்பிக்கையுடன் பரிந்துரைக்கத்தக்கது. அச்சு வண்ணப்பணி, நாள் முழுதுமான தொழில்முறை வேலை, பெரிய அசைவூட்டப் பணி ஆகியவற்றுக்கு ஏற்றதன்று. 399.95 டாலர் என்ற தொடக்க விலை, அதே ஆண்டின் போட்டிக் கருவிகளை நோக்க அதிகமே. துணைப்பொருள்களையும் சேர்த்தால் வேறுபாடு மேலும் கூடும்.

புதிய வரிசை வந்தபின் 2020 கருவி பழைய பொருளாக விற்கப்படுவதுண்டு. அவ்வாறு வாங்குவோர் திரைப்படலத்தில் கீறல், மூன்றாகப் பிரியும் கம்பியின் நிலை, பேனா முனையின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பின்னர் மெல்லிய கோடு ஒன்று, மெதுவான சாய்கோடு ஒன்று, நான்கு மூலைகளிலும் புள்ளிகள் என வரைந்து பார்க்க வேண்டும். பெட்டியின் மீது அச்சிட்ட எண்களைவிட இந்தச் சில கோடுகள் கருவியைப் பற்றி அதிகம் சொல்லும்.